வுடி ஹேய்ஸும் அவர் பெற்ற தண்டனையும்

அயலான் ஒருவன் விதியை மீறினால் அவனுக்குத் தண்டனை விதிப்பது எளிது. நமக்கு வேண்டியவர், அதிலும் நமக்கு வெற்றிமேல் வெற்றி தேடித் தந்தவர் மீறும்போதுதான் நம் நியாய புத்தி தடுமாறத் தொடங்குகிறது. கட்சிகளிலும் சங்கங்களிலும் உழைத்துவரும் நம் நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஒஹையோ ராஜ்யச் சர்வகலாசாலையில், 1951-ம் வருஷம் முதல் 28 பருவங்கள் புட்பால் பயிற்சியாசிரியராக விளங்கி, 1978-ம் வருஷ இறுதியில் ஒரே இரவில் பதவியிழந்த வுடி ஹேய்ஸ் என்பாரின் வரலாற்றை இன்று நாம் எழுதப் புகுந்ததற்கு இதுவே காரணம். அவர் 1987-ம் வருஷம் காலமானார். ஆயினும் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை தகுமா, தகாதா என்ற வாதம் அந்நாட்டில் அவரோடு அடங்கிவிடவில்லை.

அமெரிக்கர் புட்பால் என்று வழங்குவது நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, பக்கத்துக்குப் பதினொருவராக நின்று, மோதியும் தள்ளியும் முன்னேறும் ஆட்டம் அது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். இவ்வாட்டம் அங்கே கல்லூரிகளில் பிறந்து கல்லூரிகளிலேயே வளர்ந்தது. ஹேய்ஸின் காலத்தில் கொலம்பஸ் நகரத்து மைதானத்தில் ஒரு சனிக்கிழமைப் பந்தயத்தைக் காண 80,000 பேருக்கு மேல் கூடினார்களென்றால், அதைப் பயிற்றுவிக்கும் ஆசிரியருக்கு அவ்வூரில் இருந்த செல்வாக்கை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவரைக் கட்டுப்படுத்த விதிகளும் உண்டு. மைதானத்தில் நடுவர்கள் உண்டு. அதற்கு மேல் ‘பிக் டென்’ என்று பெயர் பெற்ற சர்வகலாசாலைகளின் கூட்டு ஒன்று உண்டு. அதற்கும் மேல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் உண்டு. ஆனால் ஆசிரியரை வேலையில் வைப்பதும் விலக்குவதும் சர்வகலாசாலையின் கையிலேயே இருக்கின்றன.

உட்ரோ என்பது அவருடைய முழுப்பெயரின் ஒரு பகுதி. 1913-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி ஒஹையோவில் கிளிப்டன் என்னும் சிற்றூரில் பிறந்து, நியூகமர்ஸ்டவுன் என்ற இடத்தில் வளர்ந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களின் மேலதிகாரி. வீட்டில் புத்தகத்துக்கும் ஒழுங்குக்கும் குறைவில்லை. டெனிஸன் கலாசாலையில் ஆங்கிலமும் சரித்திரமும் பயின்று 1935-ல் பட்டம் பெற்றார். பிறகு உயர்நிலைப் பள்ளிகளில் பாடமும் புட்பாலும் கற்பித்தார். 1941-ல், தம் நாடு யுத்தத்தில் இறங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, கப்பற்படையில் சேர்ந்தார். லெப்டினண்ட் கமாண்டர் பதவி வரையில் உயர்ந்து, சிறு போர்க்கப்பல் ஒன்றையும், பின்னர் ரைன்ஹார்ட் என்னும் பெரிய கப்பலையும் நடத்தினார். சரித்திரத்தில் சேனாதிபதிகளின் யுத்த முறைகளைப் படித்து அவற்றைப் பந்தாட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது கடைசிவரை அவருக்குப் பிரியமான காரியம். தாம் நடத்தியது விளையாட்டென்பதை அவர் பல சமயங்களில் மறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுகிறோம்.

யுத்தம் முடிந்தபின் டெனிஸனிலும் மயாமி சர்வகலாசாலையிலும் (இது ஒஹையோவிலுள்ளது, ப்ளோரிடாவின் மயாமி நகரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை) பயிற்றுவித்துவிட்டு, 1951-ல் கொலம்பஸுக்கு வந்தார். அவர் முறை மிக எளியது. பந்தை வானில் எறிந்து வித்தை காட்டாமல், ஏந்திக்கொண்டு நேரே இடித்து, புழுதி கிளம்ப இரண்டு மூன்று கஜமாகப் பிடித்து முன்னேறுவது. பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தந்த அம்முறை எதிரிகளுக்குத் திகில் தந்தது. 1954-ம் வருஷம் முதல் தேசிய முதன்மையும், மொத்தத்தில் 13 முறை பிக் டென் பட்டமும் பெற்றார். ஒஹையோவில் மட்டும் அவர் வென்ற பந்தயங்கள் 205, தோற்றவை 61, முடிவின்றி நின்றவை 10.

இனி அவர் செய்த முதற் குற்றத்தைக் கூறுவோம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் அக்காலத்தில் கூலியின்றி ஆடவேண்டியவர்கள். படிப்புச் செலவுக்கு மேல் பணம் பெறுவது விதிக்கு விரோதம். ஆனால் அப்பிள்ளைகளிற் பலர் சுரங்கத் தொழிலாளிகளின் மக்கள், இரும்பாலைத் தொழிலாளிகளின் மக்கள். ஊருக்குப் போகப் பணமில்லாதவர்களும், குளிருக்கு நல்ல உடையில்லாதவர்களும் அவர்களுள் உண்டு. ஹேய்ஸ் தம்முடைய டெலிவிஷன் நிகழ்ச்சியில் வந்த வருமானத்திலிருந்து அத்தகையவர்களுக்குக் கைமாற்றுக் கொடுத்துவந்தார். இதை உளவாளி எவனும் கண்டுபிடிக்கவில்லை. 1955-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் எழுத்தாளரிடம் அவரே மறைக்காமல் சொன்னார். பத்திரிகையில் அது வெளியானவுடன் பிக் டென் கமிஷனராக இருந்த கென்னத் வில்ஸன் விசாரணை தொடங்கினார். மாணவர்கள் வேலை செய்யாமலே சிலரிடம் கூலி பெற்றதும் அப்போது வெளிப்பட்டது. 1956-ல் சர்வகலாசாலை ஓராண்டுக் காலம் தண்டனைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. அவ்வாண்டு வென்றாலும் கலிபோர்னியாவில் நடைபெறும் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற பந்தயத்துக்குப் போகக்கூடாதென்று தடையும் விதிக்கப்பட்டது. தேசியச் சங்கமும் தன் பங்குக்கு ஓராண்டுக் கண்காணிப்பு விதித்தது.

அத்தண்டனையை நாம் குறைகூறவில்லை. விதி இருந்தது, அதை மீறினார், விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது. ஆயினும் விதியே நியாயமானதா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் உடம்பை முறித்துக்கொள்ளும் பையனுக்கு ஊருக்குப் போகும் செலவைக் கடனாகக் கொடுப்பதும் பாதகமென்ற அந்த ஏற்பாடு அறுபது வருஷங்களுக்கு மேல் தாக்குப் பிடித்தது. 2021-ல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்க அனுமதி பெற்றார்கள். 2025-ல் நீதிமன்றம் அங்கீகரித்த சமரசத்தின்படி சர்வகலாசாலைகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாமென்றாயிற்று. ஹேய்ஸ் 1955-ல் கொடுத்த சில நூறு டாலர்களை இந்த வெளிச்சத்தில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சட்டம் பிறகு மாறிற்று என்பதால் அன்று மீறியது மீறலன்று என்று வாதிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். எனினும், அப்படி மீறினவரை வெறுக்கவும் நம்மால் இயலவில்லை.

1961-ல் நடந்த ஒரு சம்பவம் இதைவிடச் சுவையானது. அவ்வாண்டு அவருடைய கட்சி தோல்வியே காணாமல் பிக் டென் பட்டத்தை வென்றது. ரோஸ் பவுலுக்கு அழைப்பும் வந்தது. ஆனால் சர்வகலாசாலையின் ஆசிரியர் சபை கூடி, பந்தாட்டம் படிப்பை விழுங்குகிறதென்று கருதி, 25-க்கு 28 வாக்கு விகிதத்தில் அழைப்பை நிராகரித்துவிட்டது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கிக் கூச்சலிட்டார்கள். சபையோரைப் பத்திரிகைகள் தூற்றின. ஹேய்ஸுக்கு வயிறு எரிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. சபையோருடைய முடிவு தவறென்று அவர் ஒளிக்காமல் கூறினார். ஆனால் அந்த முடிவைச் செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டென்பதை ஒப்புக்கொண்டு அடங்கினார். கோபத்துக்குப் பெயர் போன மனிதர் தம் வாழ்நாளில் கிடைத்த பெரிய வாய்ப்பொன்று வாக்கெடுப்பில் பறிபோனபோது யார்மீதும் கை ஓங்கவில்லை. உறுதியாகத் தடுப்பவர்கள் எதிரில் இருந்தால் அவரால் அடங்க முடியும் என்பதற்கு இதைக்காட்டிலும் சான்று வேண்டுமா?

அவருடைய நற்குணங்களை மறைத்தால் நாம் நேர்மையற்றவர்களாவோம். சம்பள உயர்வை வேண்டாமென்று தள்ளியவர். எளிய வீட்டிலேயே வாழ்ந்தவர். தம் ஆட்டக்காரர்கள் பட்டம் பெறாமல் கல்லூரியைவிட்டுப் போவதைப் பொறுக்காமல், அவர்களைத் தேடிப்பிடித்துப் படிக்கவைத்தவர். ஆங்கிலச் சொற்களைத் தாமே உட்கார்ந்து கற்பித்தவர். ஆட்டம் விட்டு வருஷங்கள் கழிந்த பின்னும், பலரைச் சட்டக் கல்லூரியில் சேரும்படி வற்புறுத்தியவர். ஆஸ்பத்திரிகளில் முன்பின் தெரியாத நோயாளிகளைப் பார்க்கப் பத்திரிகைக்காரர் எவரும் அறியாமல் போய்வருவார். வியட்நாமில் யுத்தம் நடந்தபோது அங்கிருந்த சிப்பாய்களைப் பலமுறை சென்று கண்டு, அவர்களுடைய பெற்றோருக்குத் தகவல் சொல்லிவந்தார். அந்த யுத்தத்தைப் பற்றி அவருடைய கருத்தை நாம் ஏற்பவரல்லர். அது வேறு விஷயம்.

இத்தகையவருக்குக் கோபம் வந்தால் மட்டும் மனிதத்தன்மை போய்விடும். தொப்பியைக் கிழிப்பார். கைக்கடியாரத்தைத் தரையில் அடித்து மிதிப்பார். தம் முகத்திலேயே குத்திக்கொள்வார். பயிற்சியின்போது பையன்களையும் குத்துவதுண்டு. தொப்பி சுலபமாகக் கிழியும்படி முன்கூட்டியே தையலை அறுத்து வைத்திருப்பாரென்றும் ஒரு பேச்சு உண்டு. அது மெய்யானால், பாதிக் கோபம் நாடகமென்றாகிறது. மற்றப் பாதி நாடகமன்று. 1959-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோற்ற பிறகு ஒரு பத்திரிகையாளரை நோக்கி வீசிய கை குறி தவறி அருகில் நின்ற மற்றொருவர்மீது விழுந்தது. 1971-ல் மிச்சிகன் சர்வகலாசாலையுடன் நடந்த பந்தயத்தில், நடுவர் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறவில்லையென்று மைதானத்துள் பாய்ந்து, எல்லைக் குறிகளைப் பிடுங்கி எறிந்தார். 1973-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ரோஸ் பவுல் தொடங்குமுன், படமெடுக்க வந்தவரின் காமிராவை அவர் முகத்திலேயே மோதித் தள்ளினார்; புகார் எழுந்தது, பின்பு கைவிடப்பட்டது. 1977-ல் மறுபடியும் மிச்சிகனிடம் தோற்கும் வேளையில் டெலிவிஷன் காமிராக்காரர் ஒருவரைத் தாக்கினார். அதற்குப் பிக் டென் கூட்டு ஓராண்டுக் கண்காணிப்பு விதித்தது.

இங்கேதான் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். ஏழைப் பையனுக்குக் கடன் கொடுத்த குற்றத்துக்குச் சர்வகலாசாலை முழுவதும் தண்டனை அனுபவித்து, ரோஸ் பவுலையும் இழந்தது. மனிதர்களை அடித்த குற்றங்களுக்கோ பதினெட்டு ஆண்டுகளில் அந்த ஆசிரியர் தம் பதவிக்கு ஆபத்து வருமென்று ஒரு நாளும் அஞ்ச நேரவில்லை. ஏன்? ஒவ்வொரு சம்பவத்துக்கும் பிறகு அவர் வென்றுகொண்டிருந்தார். ரசிகர்கள் அவருடைய கோபத்தை ஒரு வேடிக்கையாகவே கொண்டாடினார்கள். அவருடைய சர்வகலாசாலை ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொண்டது. பெரியவர் அப்படித்தான், அவர் சுபாவம் அது என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவரைக் காப்பதாக நினைத்தவர்கள் அவரைப் படுகுழிக்கு ஓர் அடி நெருக்கமாக நடத்திச்சென்றார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

1978-ம் வருஷம் அவருக்கு வயது 65. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மாரடைப்பு கண்டவர். மிச்சிகனிடம் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகத் தோற்றிருந்தார். அவரிடமே ஆடிப் பயின்று அவருக்கே உதவியாளராக இருந்த போ ஷெம்பெக்லர்தான் மிச்சிகன் ஆசிரியர் என்பது அவருடைய புண்ணில் பட்ட வேல். அவ்வாண்டு டிசம்பர் 29-ந் தேதி இரவு, ப்ளோரிடாவில் ஜாக்ஸன்வில் நகரில், கேட்டர் பவுல் என்னும் பந்தயத்தில் கிளெம்சன் சர்வகலாசாலையை எதிர்த்து அவருடைய கட்சி ஆடிற்று. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. கிளெம்சன் 17, ஒஹையோ 15. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது ஒஹையோவின் இளம் ஆட்டக்காரர் எறிந்த பந்தை எதிர்க்கட்சி ஆட்டக்காரர் ஒருவர் இடையில் பறித்துக்கொண்டு ஓடி, ஒஹையோ கூட்டத்தார் நின்ற பக்கமாக எல்லைக்கு வெளியே வந்து விழுந்தார். எழுந்த அவருடைய சட்டையைப் பற்றி ஹேய்ஸ் கழுத்தருகே குத்தினார். தடுக்க வந்த தம் கட்சிப் பையனையும் அடிக்கப் பாய்ந்தார். டெலிவிஷனில் வர்ணனை செய்தவர்கள் அந்த அடியைக் குறித்து அப்போது ஒன்றும் கூறவில்லை; ஆனால் நாடு முழுவதும் அதைக் கண்டது. நடுவர்கள் பதினைந்து கஜம் அபராதம் விதித்தார்கள். ஆட்டம் அதே எண்ணிக்கையில் முடிந்தது.

ஒஹையோ சர்வகலாசாலையின் விளையாட்டு டைரக்டராக அப்போது இருந்தவர் ஹியூ ஹிண்ட்மன். இவர் மயாமியில் ஹேய்ஸிடம் ஆடியவர். பிறகு கொலம்பஸில் பல ஆண்டுகள் அவருக்குக் கீழே உதவியாசிரியராக உழைத்தவர். தம் குருவின் செய்கையை நேரில் கண்ட அவர் அன்றிரவே சர்வகலாசாலைத் தலைவர் ஹாரல்ட் எனார்ஸனைக் கலந்தார். இருவருக்கும் விவாதத்துக்கு அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை. மறுநாட் காலை ஹிண்ட்மன் ஹோட்டலில் ஹேய்ஸைக் கண்டு, ராஜினாமாச் செய்துகொள்ளலாமென்று இடம் கொடுத்தார். ஹேய்ஸ் மறுத்துவிட்டார். விலக்கப்பட்டார். கொலம்பஸுக்குத் திரும்பிய ஆகாய விமானத்தில், தாம் இனி ஆசிரியரல்லவென்று பையன்களுக்கு அவரே அறிவித்தார்.

ஹிண்ட்மனுடைய நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். நாடே கண்ட குற்றம்தானே, அதில் என்ன தயக்கம் என்று கேட்பது சுலபம். ஓராண்டு ஆட்டங்களுக்குத் தள்ளிவைத்திருக்கலாம். அபராதம் விதித்திருக்கலாம். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி வாங்கி, அவரை கௌரவமாக ஓய்வு பெறச் செய்திருக்கலாம். இவையெல்லாம் முந்தைய ஆண்டுகளில் எவரேனும் கையாண்டிருந்தால் பயன்பட்டிருக்கும். 1978-ல் அவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளாகப் பிறர் செய்யாமல் விட்ட கடமை அனைத்தும் ஒருங்கே திரண்டு அந்த ஒரு மாணவனின் தலையில் ஒரே இரவில் விழுந்தது. தண்டனை கடுமையாக இருந்ததென்று சொல்பவர்களுக்கு நம் பதில் இது: கடுமை அந்த இரவில் பிறந்ததன்று. மற்றொன்றும் சொல்லவேண்டும். அடிபட்ட பிள்ளையும் ஒரு கல்லூரியின் மாணவனே. அவனைப் பெற்றவர்களும் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். ஹேய்ஸின் தொண்டுகளைப் பட்டியலிட்டு இரக்கம் வேண்டிய அன்பர்கள் இந்தப் பிள்ளையை அநேகமாக மறந்தே பேசினார்கள்.

அச்சர்வகலாசாலை இந்தப் பாடத்தை நிலையாகக் கற்றுக்கொண்டதா என்றால், 2011-ம் வருஷத்துச் சம்பவம் நமக்குச் சந்தேகம் தருகிறது. அப்போதைய ஆசிரியர் ஜிம் ட்ரெஸ்ஸல், தம் ஆட்டக்காரர் சிலர் பரிசுப் பொருள்களை விற்றதை அறிந்தும் மேலிடத்துக்குச் சொல்லாமல் பல மாதங்கள் மறைத்தார் என்பது வெளிவந்தது. முதலில் இரண்டு பந்தயங்களுக்கு விலக்கும் அபராதமும் போதுமென்றார்கள். அவரை நீக்கும் எண்ணம் உண்டா என்று நிருபர்கள் கேட்டபோது, ஆசிரியர் தம்மை நீக்காமலிருந்தால் சரி என்று சர்வகலாசாலைத் தலைவர் வேடிக்கையாக விடையளித்தார். எனார்ஸன் உட்கார்ந்த நாற்காலியில் இருந்தவர் பேசிய வேடிக்கை அது. சில வாரங்களில் ட்ரெஸ்ஸல் ராஜினாமாச் செய்யவேண்டியதாயிற்று. அவ்வாண்டு இறுதியில் தேசியச் சங்கம் அவருக்கும் சர்வகலாசாலைக்கும் தனித்தனியே தண்டனை விதித்தது.

பதவி போனபின் ஹேய்ஸ் எட்டாண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்தார். அடிபட்ட ஆட்டக்காரருடன் தொலைபேசியில் பேசினாரே ஒழிய, பகிரங்கமாகத் தெளிவான மன்னிப்பு ஒன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இது அவரிடம் நாம் காணும் பெருங்குறை. அந்த ஆட்டக்காரரோ அவரைத் தூற்றிப் பேசியதேயில்லை. சர்வகலாசாலை அவரைத் துரத்திவிடவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். ராணுவப் பயிற்சி இலாகாவின் கட்டிடத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தது. பழைய மாணவர்களும் புதிய மாணவர்களும் அங்கே வந்து அவரைக் கண்டு போனார்கள். 1983-ல், மைதானத்தில் வாத்தியக் குழுவினர் ஒஹையோ என்ற பெயரை நின்று எழுதிக்காட்டும்போது, அதில் ஓர் எழுத்துக்குப் புள்ளியாகப் போய் நிற்கும் கௌரவம் அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வூரார் அதனினும் பெரிய மரியாதை ஒன்றை அறியார். 1986 மார்ச் மாதத்தில் பட்டமளிப்பு விழாவில் அவரைச் சொற்பொழிவாற்ற அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டமும் வழங்கினார்கள். தமக்கு உதவினவர்களுக்குத் திருப்பிச் செய்வது பெரும்பாலும் இயலாது, ஆகையால் பின்னே வருபவர்களுக்குச் செய்யுங்கள் என்ற கருத்தை அவர் அன்று மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். கடன் கொடுத்துத் தண்டனை பெற்ற மனிதர் அதைச் சொல்லத் தகுதியுடையவரே.

1987-ம் வருஷம் மார்ச் 12-ந் தேதி, தமது 74-ம் வயதில், காலமானார். மைதானத்தை ஒட்டிய சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இறுதிச் சடங்கில் அவரைப் புகழ்ந்து பேசியவர் அவருடைய நெடுநாள் நண்பர் ரிச்சர்ட் நிக்ஸன். 1974-ல், வாட்டர்கேட் ஊழலில் சட்டத்தை மறைத்து நடந்ததன் விளைவாக, அமெரிக்க ஜனாதிபதி பதவியை ராஜினாமாச் செய்தவர் அவர்.